குனியாதே என்று சொல்லப்பட்ட முதுகு

சில வருடங்களுக்கு முன்பு அம்மாவை இடுப்புவலிக்காக ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். பதினைந்து வயதில் நடவுக்கு இறங்கியவர் அவர். நாற்று, களை, அறுப்பு, கரும்பு வெட்டு எனக் குனிந்தே கழிந்த வாழ்க்கை. ஒரு மாதமாகியும் வலி விடவில்லை என்பதால் வட்டிக்குப் பணம் வாங்கி ஸ்கேன் எடுத்திருந்தோம்.

மருத்துவர் முதலில் சீட்டைப் பார்த்தார். அதில் எங்கள் தெருவின் பெயர் இருந்தது; ‘காலனி’ என்று முடிகிற பெயர். பிறகு ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "எலும்பெல்லாம் தேஞ்சுபோச்சு. ஜவ்வு பிதுங்கி நரம்ப அழுத்துது. உங்க ஆளுங்க மாடு மாதிரி வேலை செஞ்சு உடம்பக் கெடுத்துக்கிட்டுத்தான் இங்க வருவீங்க. இனிமே குனிஞ்சே, ரெண்டு காலும் வராமப் போயிடும். பாத்துக்கோ." அவ்வளவுதான். அம்மாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. முதுகில் கை வைக்கவுமில்லை. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தால் அதிகம்.

அன்றிலிருந்து அம்மா குனியவில்லை. கீழே விழுந்த சாவியை எடுக்கக்கூட பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவார். வாசல் பெருக்குவதை விட்டார். நூறு நாள் வேலைக்குப் போவதை விட்டார். இடுப்பு பெல்ட்டைத் தூங்கும்போதும் கழற்ற மறுத்தார். மூன்று வருடங்கள் திண்ணையிலேயே போயின. தொடைகள் மெலிந்தன. வலி குறையவில்லை, கூடியது. "காலு போயிடுச்சுன்னா உங்களுக்குப் பாரமா ஆயிடுவேனே" என்ற பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

பிறகு வேறொரு அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவில் ஓர் இளம்பெண் அம்மாவைப் பார்த்தார். முதலில் பெயரைக் கேட்டார். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். முதுகு முழுக்கக் கையால் தொட்டு, அழுத்திப் பார்த்தார். அதே பழைய ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, வயசானா தலைமுடி நரைக்குதுல்ல, அது மாதிரி எலும்புலயும் நரை விழும். இது அதுதான். முப்பது வருஷம் நடவு நட்ட முதுகு இது, லேசுல உடையாது. பயப்படாம மெதுவாக் குனியுங்க. நான் பிடிச்சுக்குறேன்."

அம்மா குனிந்தார். முழங்கால் வரைக்கும்தான் கை போனது. ஆனால் குனிந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் அவர் என்னிடம் சொன்னது பயிற்சியைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ இல்லை. "அந்தப் பொண்ணு தொட்டுப் பாத்துச்சு பாப்பா" என்றார்.

நான் மருத்துவச் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் துறையில் இந்த மாதிரி விஷயங்களுக்கு நிறைய பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அம்மாவின் அந்த ஒற்றை வரியைத் தாண்டி என்னால் எளிதில் போக முடியவில்லை. ஒரே முதுகு, ஒரே ஸ்கேன், இரண்டு பேர் சொன்ன இரண்டு பேச்சு. ஒன்று மூன்று வருடம் உட்கார வைத்தது, மற்றொன்று எழுப்பியது. மருத்துவரின் வாய்ச்சொல் சிகிச்சைக்கு மேல் தெளிக்கிற பன்னீர் என்றே நாம் நினைக்கிறோம். அது சிகிச்சையின் ஒரு பகுதி. அந்தப் பகுதி யாருக்கு எப்படிக் கிடைக்கும் என்பதைச் சாதி தீர்மானிக்கிறது என்றால், அது நம் உரிமைப் பிரச்சினை. இதைத்தான் இந்தக் கட்டுரையில் பேச விரும்புகிறேன்.

சொல் எப்படி உடம்பாகிறது?

மருந்தே இல்லாத மாத்திரையைக் கொடுத்து ‘இது குணமாக்கும்’ என்று சொன்னால் சிலருக்கு உண்மையிலேயே நிவாரணம் கிடைப்பதைப் பிளாசிபோ விளைவு என்கிறார்கள். லத்தீனில் ‘நான் மகிழ்விப்பேன்’ என்று பொருள். இதன் மறுபக்கம் நோசிபோ. ‘நான் தீங்கு செய்வேன்’. ‘இது வலிக்கும், இது உன்னை முடக்கும்’ என்ற எதிர்பார்ப்பே வலியையும் முடக்கத்தையும் கொண்டுவருவது.

இது வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. 1978-இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் ஆகியோர் பல் பிடுங்கிய நோயாளிகளிடம் செய்த ஆய்வில், பிளாசிபோவால் குறைந்த வலி, நாலோக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் திரும்பி வந்தது. நாலோக்சோன், உடல் தானே சுரக்கும் வலிநிவாரணிகளின் வேலையைத் தடுக்கும் மருந்து. அதாவது நம்பிக்கை வந்ததும் உடல் தன் மருந்தைத் தானே சுரக்கிறது. பயம் வந்தால் வேறு வேதிப்பொருள்கள் வேலை செய்து வலியைக் கூட்டுகின்றன என்பதை இத்தாலியின் ஃபாப்ரிசியோ பெனடெட்டியின் ஆய்வுகள் காட்டின.

வலியோடு இது நிற்பதில்லை. உடலின் செயல்திறனையே சொல் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. 2006-இல் கிறிஸ் பீடி குழுவினர் சைக்கிள் பந்தய வீரர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். 10 கிலோமீட்டர் ஓட்டம். ஒருமுறை ‘மருந்தில்லாத மாத்திரை’ என்றும், ஒருமுறை ‘கொஞ்சம் காஃபின்’ என்றும், ஒருமுறை ‘நிறைய காஃபின்’ என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றிலும் காஃபினே கிடையாது. ‘மருந்தில்லை’ என்று கேட்டபோது அவர்கள் மிதித்த வேகத்தின் ஆற்றல் வழக்கத்தைவிட 1.4 சதவீதம் குறைந்தது. ‘கொஞ்சம்’ என்றபோது 1.3 சதவீதமும், ‘நிறைய’ என்றபோது 3.1 சதவீதமும் கூடியது. ஒரு சில வீரர்களே கலந்துகொண்ட சிறிய ஆய்வுதான். ஆனால் உள்ளே போன பொருள் மாறாதபோது, காதில் விழுந்த சொல்லின் அளவுக்கேற்ப கால்கள் ஏறி இறங்கின.

2001-இல் ஜெர்மனியில் ஃபிங்ஸ்டன் குழுவினர் நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்களை எளிய கால் மடக்கும் பயிற்சி செய்யச் சொன்னார்கள். ஒரு பிரிவினரிடம் ‘இதனால் வலி சற்றுக் கூடலாம்’ என்றும் மற்றவர்களிடம் ‘இதில் வலி வராது’ என்றும் சொன்னார்கள். முதல் பிரிவினருக்குப் பயம் கூடியது, அவர்கள் செய்து முடித்த அளவும் குறைந்தது. என் அம்மாவின் மூன்று வருடக் கதையை ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கினால் அதுதான். பயந்தவர் உடலை இறுக்கிப் பிடிக்கிறார். இறுக்கிப் பிடித்த தசை வலிக்கிறது. வலிப்பதால் அசைவதில்லை. அசையாத தசை மெலிகிறது. மெலிந்த தசை சிறு வேலைக்கே வலிக்கிறது. ‘டாக்டர் அன்னைக்கே சொன்னார்’ என்று அந்த முதல் சொல் தன்னைத்தானே நிரூபித்துக்கொள்கிறது.

நமக்கு மிக அருகிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை மருத்துவர் ராஜசேகரன் குழுவினர் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 44 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு எம்ஆர்ஐ அறிக்கையில் இருந்த குறைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் விளக்கினார்கள். மற்றவர்களிடம் ‘உங்கள் ஸ்கேன் இயல்பாகவே இருக்கிறது, இருப்பவை வயதுக்கேற்ற மாற்றங்கள்’ என்று தைரியம் சொன்னார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், குறைகளைக் கேட்டவர்கள் தங்கள் முதுகைப் பற்றி மோசமாக நினைத்தார்கள். அவர்களுக்கு வலி குறைந்தது குறைவு. அன்றாட இயக்கமும் பின்தங்கியிருந்தது.

அது பொய்த் தைரியமா? ‘தேய்மானம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த பிரிஞ்சிக்ஜி குழுவினரின் 2015 ஆய்வு, வலியில்லாத 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் ஜவ்வுத் தேய்மானம் தெரிவதாகச் சொல்கிறது. ஆக, ‘நரை’ என்று அந்தப் பிசியோ சொன்னதுதான் அறிவியல். ‘காலு வராமப் போயிடும்’ என்றதற்கு அந்தப் படத்தில் ஆதாரம் இல்லை. அது வெறும் மிரட்டல்.

ஊர் பெயர், அப்பன் பெயர், சாதிப் பெயர்

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. சொல்லைக் கேட்கிற உடம்பு யாருடையது? அது அதற்கு முன் என்னென்ன சொற்களைக் கேட்டு வளர்ந்தது?

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் 2000-களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேச கிராமங்களில் செய்த ஆய்வை நம்மில் பலர் அறிந்திருப்போம். ஆதிக்க சாதிச் சிறுவர்கள் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர். காகிதத்தில் வரைந்த புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒவ்வொருவரின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி ஆகியவற்றை எல்லோர் முன்னிலையிலும் வாசித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகச் சரிந்தது. அவர்களின் மூளையில் எந்த மாற்றமும் நிகழவில்லை. ஒரு சொல் உரக்க வாசிக்கப்பட்டது, அவ்வளவுதான்.

இதைப் பிளாசிபோ ஆய்வாளர்கள் நோசிபோ என்று அழைக்க மாட்டார்கள். அது வேறு துறை, வேறு சொல்லாடல். ஆனாலும் இன்னொரு ஆய்வை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். 2019-இல் ஸ்டான்ஃபோர்டில் டர்ன்வால்ட், கிரம் முதலியோர் சிலரை டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். பிறகு ‘உங்கள் மரபணுச் சோதனை முடிவு’ என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். சிலருக்கு ‘உங்கள் மரபணு உடற்பயிற்சிக்கு ஏற்றதல்ல’, சிலருக்கு ‘ஏற்றது’. உண்மையான மரபணு எதுவோ, கொடுத்த முடிவோ குலுக்கல் முறையில் வந்தது. மறுபடி ஓடியபோது, ‘ஏற்றதல்ல’ என்ற செய்தியைப் பெற்றவர்களின் நுரையீரல் செயல்பாடும் தாங்குதிறனும் குறைந்தன. சில அளவுகளில், உண்மையான மரபணுவால் வரும் வேறுபாட்டைவிட அந்தச் செய்தியால் வந்த வேறுபாடு பெரிதாக இருந்தது.

‘உன்னால் முடியாது, அது உன் பிறப்பிலேயே இருக்கிறது.’ இந்தச் செய்தியை ஒரே ஒருமுறை, ஒரு காகிதத்தில், முன்பின் தெரியாதவர் கொடுத்ததற்கே நுரையீரல் சுருங்குகிறது. இதே செய்தியைத் தொட்டிலிலிருந்து கேட்டு வளர்கிற சமூகம் இங்கே இருக்கிறது. அங்கே ஆய்வு முடிந்ததும் ‘அந்த முடிவு உண்மையல்ல’ என்று பங்கேற்றவர்களிடம் சொல்லிவிடுவார்கள். இங்கே அப்படிச் சொல்ல யாரும் வருவதில்லை.

இந்தச் செய்தி எப்போதும் ‘முடியாது’ என்ற வடிவத்தில் மட்டும் வருவதில்லை. ‘உங்க உடம்பெல்லாம் வலி தாங்கும்’ என்று புகழ்ச்சிபோலவும் வரும். அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஹாஃப்மன் குழுவினரின் ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் பாதிப் பேர் கறுப்பின உடலைப் பற்றி ஏதேனும் ஒரு பொய்யை நம்பினார்கள். தோல் தடிமன் அதிகம் என்பது அவற்றில் ஒன்று. அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள், பொருத்தமான மருந்தைப் பரிந்துரைப்பதிலும் தவறினார்கள். ‘சேரி உடம்பு’ என்று இங்கே சொல்லப்படுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

பிரசவ அறையை நினைத்துப் பாருங்கள். வலியில் கத்துகிற பெண்ணிடம் என்னென்ன சொல்லப்படுகிறது என்பது நம் அம்மாக்கள், அக்காக்கள் அனைவருக்கும் தெரியும். இங்கே எழுத வேண்டியதில்லை. 2010-இல் வேரல்மன் குழுவினர், பிரசவத்துக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போடும் 140 பெண்களிடம் ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றிப் பார்த்தார்கள். ‘இப்போது மரத்துப்போகும் மருந்து போடுகிறோம், வசதியாக இருக்கும்’ என்று கேட்டவர்களைவிட ‘தேனீ கொட்டியதுபோல இருக்கும், இதுதான் மோசமான பகுதி’ என்று கேட்டவர்களுக்கு அதே ஊசி அதிகமாக வலித்தது. ஒரு தேனீக்கே இந்த விளைவு என்றால், நம் பெண்கள் கேட்கிற வசவுகளுக்கு என்ன விளைவு இருக்கும்?

தொடாத கை

சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பேசினால் பாதிதான் பேசியதாகும். 2017-இல் ஹவ், கோயர், கிரம் ஆகியோர் 164 பேரின் தோலில் ஊசியால் லேசான அரிப்பை உண்டாக்கி, மருந்தில்லாத களிம்பைத் தடவினார்கள். களிம்பைத் தருபவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கண்ணைப் பார்த்துப் பேசி, வேலையையும் திறமையாகச் செய்தபோது ‘இது அரிப்பைக் குறைக்கும்’ என்ற சொல் பலித்தது. திரையைப் பார்த்தபடி, பெயர்கூடக் கேட்காமல், தடுமாறிக்கொண்டு சொன்னபோது அதே சொல் பெரிதாக எதையும் செய்யவில்லை. நல்ல சொல்லாக இருந்தாலும் மதிக்காதவர் வாயிலிருந்து வந்தால் உடல் அதை ஏற்பதில்லை.

இங்கே அண்ணல் அம்பேத்கர் நமக்கு நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ நூலில் அவர் ஒரு கடிதத்தைச் சேர்த்திருக்கிறார். 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’ இதழில் வந்த கடிதம். கத்தியவாரைச் சேர்ந்த தலித் பள்ளி ஆசிரியர் எழுதியது. குழந்தை பெற்ற மனைவிக்குக் காய்ச்சல். மருத்துவர் சேரிக்குள் வர மாட்டேன் என்றார். வெளியே கொண்டுவந்து காட்டியபோது, வெப்பமானியை ஓர் இஸ்லாமியரிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவியிடம் கொடுத்தார். திரும்பியும் அதே வரிசையில் வந்தது. நிமோனியா என்றார் மருத்துவர். அந்தப் பெண் இறந்துபோனார். அந்த மருத்துவர் சொன்ன நோயின் பெயர் சரியாக இருந்திருக்கலாம். அந்தக் கண்ணாடிக் குழாய் மூன்று கைகள் மாறி வந்ததைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த பெண்ணின் உடல், தான் பிழைக்கத் தகுந்தது என்று எதிலிருந்து நம்பியிருக்கும்?

இது பழங்கதை இல்லை. சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளின் மருத்துவ அனுபவங்களை ஆய்ந்து 2010-இல் வெளியிட்ட அறிக்கை, தொட்டுப் பரிசோதிப்பதிலும் மருந்தைக் கையில் கொடுப்பதிலும் தீண்டாமை தொடர்வதைப் பதிவுசெய்தது. அம்மா ஏன் பயிற்சியை விட்டுவிட்டுத் தொட்டதைச் சொன்னார் என்பது எனக்கு இப்போது புரிகிறது. தொட்ட கைதான் ‘உன் முதுகு உடையாது’ என்ற சொல்லை நம்ப வைத்தது.

‘எல்லாம் மனசுலதான்’ என்பதல்ல

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. நோசிபோ என்ற கருத்தை எடுத்துக்கொண்டு, ‘பாருங்கள், வலி மனதில்தான் இருக்கிறது, நேர்மறையாக நினையுங்கள், சரியாகிவிடும்’ என்று நமக்கே பாடம் எடுக்க ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. சாதியைப் பற்றியும் இவர்கள் இதையேதான் சொல்கிறார்கள்: ‘நீங்கள்தான் அதை மனதில் வைத்திருக்கிறீர்கள்.’

இதை முழுமையாக மறுக்க வேண்டும். பிளாசிபோ கட்டியைக் கரைக்காது, எலும்பு முறிவை ஒட்டாது, காசநோய்க் கிருமியைக் கொல்லாது. முப்பது வருட நடவு உடலைத் தேய்க்கிறது என்பது உண்மை. கூலி குறைவு, சத்தான சாப்பாடு இல்லை, ஓய்வு இல்லை என்பதும் உண்மை. நல்ல வார்த்தை இவை எதற்கும் மாற்று கிடையாது. அம்மாவும் அதிசயமாகக் குணமாகிவிடவில்லை. நான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகு மறுபடி நூறு நாள் வேலைக்குப் போகத் தொடங்கினார். இன்றும் சில நாள் வலிக்கிறது; வலித்தால் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு மறுநாள் போகிறார்.

இன்னோர் உதாரணத்தையும் சொல்ல வேண்டும். 2007-இல் அலியா கிரம், எலன் லேங்கர் இருவரும் ஏழு ஹோட்டல்களில் அறை சுத்தம் செய்யும் 84 பெண்களை ஆய்ந்தார்கள். ‘நீங்கள் செய்யும் வேலையே நல்ல உடற்பயிற்சி’ என்று ஒரு பிரிவினரிடம் விளக்கினார்கள். நான்கு வாரத்தில் அவர்களின் எடையும் ரத்த அழுத்தமும் சற்றுக் குறைந்தன. பின்னால் வேறு தொழிலாளர்களிடம் செய்து பார்த்தபோது இதே முடிவு கிடைக்கவில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது. எனக்கு இதில் உறுத்துவது வேறு. உழைக்கும் பெண்ணிடம் அவள் உழைப்பை மதித்துப் பேசுவது நல்லது. ஆனால் கூலியை உயர்த்தாமல் ‘இது உனக்கு உடற்பயிற்சி’ என்று சொல்வது எங்கே போய் முடியும்? மலம் அள்ளுவதை ஆன்மிக அனுபவம் என்று புகழ்ந்த அரசியலைப் பார்த்தவர்கள் நாம். ‘உன் முதுகு பலமானது’ என்று அந்தப் பிசியோ சொன்னதற்கும் ‘உங்க உடம்பு எதையும் தாங்கும்’ என்று பண்ணையார் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் தவறவிடக் கூடாது. முதலாவது, வலியைக் கேட்டுவிட்டுச் சொன்னது. இரண்டாவது, வலியைக் கேட்காமல் இருப்பதற்காகச் சொல்வது.

ஆகவே, நோசிபோவின் பாரத்தை நோயாளியின் தலையில் ஏற்றாதீர்கள். ‘நீ பயந்தாய், அதனால் வலித்தது’ என்பது தவறான வாசிப்பு. பயமுறுத்தப்பட்டார், அதனால் வலித்தது. பயமுறுத்தியவர் யார், அதற்கு அவருக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மருத்துவர்களும் ஆள் பற்றாக்குறையில் திணறுகிறார்கள் என்ற பதில் வரும். அதில் உண்மை இருக்கிறது. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வந்த ஓர் ஆய்வு, ஒரு நோயாளியைப் பார்க்க மருத்துவர் செலவிடும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம் என்கிறது. இந்தியா வங்கதேசத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் என் அம்மாவிடம் அந்த மருத்துவர் பேசிய நேரத்துக்குள்ளேயே ‘இது வயசுக்கு வர்றதும்மா, பயப்படாதீங்க’ என்று சொல்லியிருக்க முடியும். ‘உங்க ஆளுங்க’ என்பதைவிட ‘அம்மா’ சிறிய சொல்தான். நேரம் இல்லாதபோது எந்தச் சொல் முதலில் வாயில் வருகிறது என்பதில்தான் சாதி இருக்கிறது.

என்ன கேட்கப் போகிறோம்?

நியூசிலாந்தில் பென் டார்லோ குழுவினர் 2013-இல் முதுகுவலிக்காரர்களைச் சந்தித்துப் பேசியபோது, மருத்துவர்கள் எப்போதோ சொன்ன வாக்கியங்களைப் பல ஆண்டுகள் கழித்தும் அவர்கள் சுமந்துகொண்டிருப்பதைக் கண்டார்கள். தைரியமூட்டும் சொற்களும் அதே அளவுக்கு நிலைத்திருந்தன. அப்படியானால் இது மாற்றக்கூடியது.

மருத்துவக் கல்வியில் 2019 முதல் நோயாளியோடு பேசும் முறையும் அறநெறியும் பாடமாக இருக்கின்றன. அந்தப் பாடத்துக்குள் சாதி வெளிப்படையாக வர வேண்டும். ‘நோயாளியிடம் கனிவாகப் பேசு’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. யாரிடம் ‘வாங்க’ வருகிறது, யாரிடம் ‘வா’ வருகிறது, யாரைத் தொடுகிறோம், யாரைத் தொடாமல் அனுப்புகிறோம் என்பதை மாணவர்கள் தங்களைத் தாங்களே பார்க்கும்படி செய்ய வேண்டும்.

ஸ்கேன் அறிக்கையோடு ‘இந்த வயதில் வலியில்லாதவர்களுக்கும் இது இருக்கும்’ என்ற விவரம் தமிழில் சேர வேண்டும். இதற்காக யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. லிஸ்பனில் 2016-இல் வெளியான கார்வாலோ குழுவினரின் ஆய்வில், ‘இது மருந்தில்லாத மாத்திரை’ என்று வெளிப்படையாகச் சொல்லி, அது எப்படி உதவக்கூடும் என்று விளக்கிக் கொடுத்தபோதே நாள்பட்ட முதுகுவலிக்காரர்களின் வலியும் முடக்கமும் குறைந்தன. உண்மையையும் மரியாதையையும் சேர்த்துக் கொடுத்தால் உடல் அதை ஏற்கிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள். வரவேற்க வேண்டிய திட்டம். ஒருகாலத்தில் வெப்பமானிகூட நேராக வராத தெருவுக்குள் இப்போது மருத்துவக் கை வருகிறது. அந்தக் கை எப்படி வருகிறது, என்ன சொல்லிவிட்டுப் போகிறது என்பதை நம் இயக்கத் தோழர்கள் தெருத்தெருவாகக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். சீட்டில் இருக்கும் சொல் அறைக்குள் என்ன செய்கிறது என்பதை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில், அந்த அறிவிப்பு எனக்குச் சிறியதாகத் தோன்றவில்லை. சீட்டிலிருந்து போகும் சொல் வாயிலிருந்தும் போக வேண்டும்.

கடைசியாக, நம்மிடமே ஒரு வேலை இருக்கிறது. அம்மா அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிற முதல் தலைமுறைப் படிப்பாளிகள் நம்மில் பலர். அன்று அந்த அறையில் நானும் இருந்தேன். முதுகலைப் பட்டம் பெற்றவள், நான்கு கேள்வி கேட்கத் தெரிந்தவள். ‘உங்க ஆளுங்க’ என்ற சொல் காதில் விழுந்ததும் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஸ்கேன் கவரை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே வந்தேன். புதிர்ப்பாதை முன்னால் உட்கார்ந்திருந்த அந்தச் சிறுவர்களில் நானும் ஒருத்தி. இனி அப்படி வரப்போவதில்லை. ‘எங்க அம்மாவ தொட்டுப் பாருங்க. அவங்க முகத்தப் பாத்துச் சொல்லுங்க. குனிஞ்சா கால் போயிடும்னு எதை வச்சுச் சொல்றீங்க?’ இந்த மூன்று வாக்கியங்களையும் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்த நாற்காலியில் உட்காரப்போவது உங்கள் அம்மாவாக இருக்கலாம்.

இந்தக் கட்டுரையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்துபோய் வாசலைப் பெருக்க ஆரம்பித்தார். ஒன்றும் சொல்லவில்லை. குனிந்துதான் பெருக்கினார்.